முறைப்பாட்டின் இலக்கியம்: தாய்லாந்தில் வதியும் மேனாட்டாரும் அவர்தம் எழுத்துகளும்

1

தாய்லாந்து மக்கள் மேனாட்டாரைக் குறிக்க வழங்கும் சொல் ‘ஃபராங்’ என்பதாகும். நாம் வழங்கும் ‘பறங்கி’ என்னும் சொல்லும் அதுவும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. மேற்கு ஐரோப்பியரைப் ‘பிராங்கு’ இனத்தவரின் பெயரால் அரபிகளும் பாரசீகரும் அழைத்தனர். அப்பெயர் வணிகக் கப்பல்களோடு இந்து சமுத்திரக் கரையோரம் எங்கும் பரவியது. தமிழிலே அது முதலில் போர்த்துக்கேயரையும், பின்னர் இலங்கையில் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் ஆகியோரின் வழித்தோன்றல்களையும் குறிப்பதாயிற்று. சயாமிய மொழியிலோ வெள்ளையர் அனைவருக்கும் உரிய பொதுப்பெயராயிற்று. புதிய உலகிலிருந்து வந்த பூசணி வகை நமக்குப் பறங்கிக்காய் ஆனது போல, அதே உலகிலிருந்து வந்த கொய்யா தாய் மொழியில் ‘ஃபராங்’ என்றே பெயர் பெற்றது. கடல் கடந்து வந்த மனிதனையும் கனியையும் ஒரே சொல்லால் சுட்டும் இவ்வழக்கில் பகைமை இல்லை. எனினும் வந்தவன் வந்தவனே என்ற ஓர் அளவீடு அதில் உண்டு.

இவ்வாறு பெயரிடப்பட்டவர்கள் தமக்குப் பெயரிட்டவர்களைப் பற்றி எழுதிய எழுத்துகளே இக்கட்டுரையின் பொருளாகும். தாய்லாந்தில் நெடுங்காலம் வதியும் ஆங்கிலேயர், அமெரிக்கர், அவுஸ்திரேலியர் ஆகியோரின் நினைவுக் குறிப்புகள், நாவல்கள், பண்பாட்டு வழிகாட்டிகள் என ஒரு நூற்றைம்பது ஆண்டுக்கால எழுத்து நம்முன் உள்ளது. இவற்றுட் பெரும்பாலானவை இலக்கியத்தரம் மிக்கவையல்ல. ஆயினும் தரம் குறைந்த எழுத்து ஒரு வர்க்கத்தின் நாளாந்த உணர்வுகளைத் தரம் மிக்க எழுத்தைவிட மறைப்பின்றி வெளிப்படுத்துவதுண்டு. இவ்வெழுத்துகள் யாவற்றிலும் ஊடாடி நிற்கும் மனநிலை சலிப்பாகும். அதன் இலக்கிய வடிவம் முறைப்பாடாகும். இம்முறைப்பாடு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது, யாருக்கு அது துணைபோகிறது என்பனவே நாம் எழுப்பும் வினாக்கள்.

2

முறைப்பாடுகளின் பட்டியல் வியப்பூட்டுமளவுக்கு மாறாதது. தாய்லாந்தினர் நேரத்தைப் பேணுவதில்லை. இயலாதென்று சொல்ல வேண்டிய இடத்தில் ஆமென்று தலையசைப்பர். தவறு நேர்ந்தால் ‘மை பென் றாய்’, அதாவது பரவாயில்லை, என்று சொல்லி அகன்றுவிடுவர். மகிழ்ச்சிக்கும் சிரிப்பர், சங்கடத்துக்கும் சிரிப்பர், விபத்துக்கும் சிரிப்பர். முகம் கோணாதிருத்தலே அவர்களுக்கு உண்மையினும் பெரிது. தேசியப் பூங்காக்களில் உள்நாட்டவருக்கு ஒரு கட்டணமும் வெளிநாட்டவருக்குப் பன்மடங்கு கட்டணமும் அறவிடப்படுகின்றன. பொலிஸ்காரன் வீதியில் மறித்துப் பணம் கேட்கிறான். மனைவியின் ஊரிலே வீடு கட்டப் பணம் கொடுத்தவன் அவ்வீடு நிற்கும் நிலத்துக்கு உரிமையாளன் ஆக முடியாது. இருபது ஆண்டுகள் வாழ்ந்தாலும், மொழியைக் கற்றாலும், அவன் ஃபராங்காகவே இருப்பான்.

இக்கூற்றுகளின் இலக்கணத்தை முதலில் நோக்குவோம். நடந்தது ஒரு குறித்த நாளில், ஒரு குறித்த மனிதரோடு நடந்த ஒரு குறித்த நிகழ்ச்சியாகும். குழாய் திருத்த வருவதாகச் சொன்னவர் வரவில்லை. ஆனால் அது எழுதப்படும்போது எழுவாய் ‘தாய்லாந்தினர்’ என்று பன்மையாகிறது. வினை எக்காலத்துக்கும் பொருந்துவதாகிவிடுகிறது. வராமற்போனவர் அன்று எத்தனை வீடுகளுக்கு அனுப்பப்பட்டார், அவருக்கு நாட்கூலி எவ்வளவு, வருவதாக அவர் சார்பில் வாக்களித்த முதலாளி யார் என்பன எழுத்துக்குள் வருவதில்லை. ஓர் உழைப்பு உறவு ஓர் இனத்தின் குணமாக உருமாறுவது இப்படித்தான்.

அடுத்து, இவ்வெழுத்துகளில் தோன்றும் தாய்லாந்தினர் யாவர் என நோக்குதல் தகும். பணிப்பெண், சமையற்காரி, தோட்டக்காரர், வாடகை வண்டி ஓட்டுநர், மதுச்சாலைப் பெண், குடிவரவு அலுவலகத்தின் கடைநிலை எழுதுவினைஞர், மனைவியின் உறவினர் ஆகியோரே மீண்டும் மீண்டும் வருகின்றனர். வங்கி உடைமையாளரோ, நெல் ஆலை அதிபரோ, இராணுவத் தளபதியோ, தொழிற்சங்கவாதியோ, எழுத்தாளரோ அரிதாகவே தென்படுகின்றனர். சேவை பெறுபவன் சேவை செய்பவரை எந்தக் கோணத்திற் காண்பானோ அந்தக் கோணத்திற் பெற்ற அறிவே ஒரு தேசத்தைப் பற்றிய அறிவாக முன்வைக்கப்படுகிறது. கூலி பெறுபவர் கூலி கொடுப்பவன் முன் முகம் கோணுவதில்லை என்பது தாய்லாந்துக்கு மட்டும் உரிய இயல்பன்று. நமது மலையகத் துரைமாரின் நினைவுக் குறிப்புகளைப் படித்தோர் இதே தலையசைப்பையும் இதே சிரிப்பையும் அங்கும் கண்டிருப்பர்.

3

இம்முறைப்பாட்டு மரபின் தோற்றத்தை அறிய 1855ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். அவ்வாண்டு சேர் ஜோன் பௌறிங் சயாமோடு செய்த உடன்படிக்கை இறக்குமதித் தீர்வையை மூன்று வீதத்துக்கு மட்டுப்படுத்தியது. பிரித்தானியப் பிரசைகளைச் சயாமிய நீதிமன்றங்களின் அதிகாரத்திலிருந்து விலக்கிக் கொன்சலின் அதிகாரத்தின் கீழ் வைத்தது. ஏனைய வல்லரசுகளும் இத்தகைய உடன்படிக்கைகளைச் செய்துகொண்டன. சயாம் குடியேற்ற நாடாக ஒருபோதும் ஆக்கப்படவில்லை என்பது அந்நாட்டின் உத்தியோகபூர்வ வரலாறு பெருமையோடு கூறுவதாகும். ஆனால் தன் மண்ணிலே தன் சட்டத்தைச் செலுத்த முடியாத, தன் தீர்வையைத் தானே விதிக்க முடியாத ஓர் அரசைப் பாதிக் குடியேற்ற நாடு என்று உதோம் சீசுவன் என்ற தாய் மார்க்சியர் 1950இல் வரையறுத்தமை பொருத்தமானதே. சயாம் இவ்வுரிமைகளை முற்றாக மீட்டது 1937இல் தொடங்கிய புதிய உடன்படிக்கைகளின் மூலமேயாகும்.

இச்சூழலிலேயே அன்னா லியோனோவென்ஸ் 1862இல் பாங்கொக்குக்கு வருகிறார். மொங்குட் மன்னரின் பிள்ளைகளுக்கும் அந்தப்புரப் பெண்களுக்கும் ஆங்கிலம் கற்பித்து 1867இல் நாடு நீங்கிய அவர், 1870இல் தமது அரசவை அனுபவங்களை நூலாக வெளியிட்டார். 1873இல் அந்தப்புரம் பற்றிய இரண்டாவது நூல் வந்தது. வாக்களிக்கப்பட்ட வீடு தரப்படவில்லை என்பது அவரது முறைப்பாடுகளுள் முதன்மையானது. பணியமர்த்தப்பட்ட ஓர் ஆசிரியைக்கும் பணியமர்த்தியவருக்கும் இடையிலான இந்த ஒப்பந்தப் பிணக்கு, நூலிலே நாகரிகத்துக்கும் அநாகரிகத்துக்கும் இடையிலான மோதலாக விரிகிறது. 1944இல் மார்கரெட் லாண்டன் இதனை நாவலாக்கினார். 1951இல் இசைநாடகமாகவும் 1956இல் திரைப்படமாகவும் அது உலகெங்கும் சென்றது. அப்படமும் 1999இல் வந்த மறுவாக்கமும் தாய்லாந்திலே தடை செய்யப்பட்டன.

பிற்கால ஆய்வாளர் வெளிப்படுத்திய ஓர் உண்மை நமது வாசிப்புக்கு முக்கியமானது. தம்மை வேல்ஸ் நாட்டில் பிறந்த, படையதிகாரியின் விதவையான ஆங்கிலச் சீமாட்டியாகக் காட்டிக்கொண்ட அன்னா, உண்மையில் 1831இல் இந்தியாவின் அகமத்நகரிற் பிறந்தவர். கீழ்நிலைப் படைவீரர் ஒருவரின் மகள். பெரும்பாலும் கலப்பின வழியினர். அவரது கணவர் ஓர் எழுத்தர். இதைக்கொண்டு அவரைப் பொய்யர் என்று தூற்றுவோர் உளர். அது மேலோட்டமான நோக்கு. பிரித்தானிய இந்தியாவிலே அவர் ஆங்கிலச் சீமாட்டியாக ஏற்கப்பட்டிருக்க மாட்டார். சயாமின் அரசவையைப் பற்றி முறைப்படும் எழுத்திலேதான் அவர் முழுமையான ஆங்கிலப் பெண்ணாகிறார். சொந்தச் சமூகம் தர மறுத்த வர்க்கத் தகுதியையும் இனத் தகுதியையும் பிறர் நாட்டைக் குறைகூறுவதன் வழியே ஈட்டிக்கொள்ளும் இந்தப் பொறிமுறை, அவருக்குப் பின் வந்த பலரிடமும் தொழிற்படக் காண்கிறோம்.

சயாமில் அடிமை முறை ஒழிந்தமைக்கு அன்னாவின் போதனையே காரணம் என்னும் ஐதீகத்தையும் இங்கு கருதலாம். சூலாலங்கோண் மன்னர் 1874இல் தொடங்கி 1905இல் அதனைச் சட்டத்தால் முடிவுக்குக் கொண்டுவந்தார். பௌறிங் உடன்படிக்கையின் பின் விரிவடைந்த நெல் ஏற்றுமதி, தனி உடைமையாளரின் பிடியிலிருந்து விடுபட்ட உழைப்பையும் நேரடியாக வரி செலுத்தும் குடிகளையும் வேண்டி நின்றது. ஆசிரியையின் அறவுரை என்ற கதை இந்த வரலாற்றின் மீது விரித்த அழகிய துணியாகும்.

4

இரண்டாம் உலகப் போரின் பின் ஆங்கிலேயரின் இடத்தை அமெரிக்கர் பிடித்தனர். 1950இல் அமெரிக்காவோடு இராணுவ உதவி உடன்படிக்கை கைச்சாத்தானது. அதே ஆண்டில், பாங்கொக்கிலுள்ள அமெரிக்கத் தூதரகத்திற் பணியாற்றியிருந்த மானிடவியலாளர் ஜோன் எம்பிறீ, தாய்லாந்துச் சமூகத்தைத் தளர்ந்த கட்டமைப்புடையது எனப் பெயரிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். தாம் முன்னர் ஆராய்ந்த யப்பானிய கிராமத்தோடு ஒப்பிட்டு, ஒழுங்கும் கடப்பாடும் இங்கு நெகிழ்ந்தவை என்றார். வதிவோரின் விருந்துமேசைப் பேச்சு இவ்வாறு அறிவியற் கலைச்சொல்லாயிற்று. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இக்கருத்து அந்நாட்டைப் பற்றிய ஆய்வுகளை ஆட்சி செய்தது. நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1954இல் பிறைஸ் றையன், மரே ஸ்ட்றௌஸ் ஆகியோர் சிங்களச் சமூகத்தையும் இதே தளர்ந்த கட்டமைப்பு என்ற சொல்லாலேயே விளக்க முற்பட்டனர். கடன், குத்தகை, சாதி, நிலவுடைமை ஆகியவற்றின் இறுகிய கட்டுகளிற் கிடந்த கிராமங்கள், வெளியிலிருந்து நோக்குவோருக்குத் தளர்ந்தனவாகத் தெரிந்தமை சிந்தனைக்குரியது.

கரோல் ஹொலிங்கரின் நூல் 1965இல் வெளிவந்தது. ‘மை பென் றாய்’ என்ற தொடரையே அவர் தலைப்பாக்கினார். பாங்கொக்கில் வாழ்ந்து சூலாலங்கோண் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த அவரிடம் வெறுப்பு இல்லை. தம் நாட்டவரின் ஒதுங்கிய வாழ்வை அவர் எள்ளுகிறார். வேலைக்காரர் நிறைந்த வீட்டில் தாம் திணறியதைக் கண்டு தாமே சிரிக்கிறார். இம்மரபின் மனிதாபிமானம் மிக்க எழுத்து இதுவென்று கூறலாம். ஆயினும் ‘பரவாயில்லை’ என்ற சொல் அவர் நூலிலும் ஒரு மக்கட் கூட்டத்தின் தத்துவமாகவே நிற்கிறது. அச்சொல்லை யார் யாரிடம் சொல்லலாம் என்ற வினா எழவில்லை. குத்தகை நெல் குறைந்தால் நிலக்கிழார் அதனைச் சொல்வதில்லை. வட்டி தவறினால் கடன் கொடுத்தவர் சொல்வதில்லை. இழப்பைத் தாங்கியே ஆகவேண்டியவர் அதைச் சொல்கிறார். அல்லது எசமானின் அவசரத்தைத் தன் அவசரமாக ஏற்க மறுப்பவர் சொல்கிறார். முன்னது பணிவு, பின்னது எதிர்ப்பின் மிகச் சிறிய வடிவம். முறைப்படுவோரின் செவிக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கின்றன.

1956இல் வெளியான ஜாக் றெனோல்ட்ஸின் ‘பாங்கொக்கின் பெண்’ என்னும் நாவல், இம்மரபின் மற்றொரு கிளைக்கு ஊற்றாகும். இளம் ஆங்கில விற்பனையாளன் ஒருவன் நடனக்கூடப் பெண் ஒருத்தியிடம் மனத்தையும் பணத்தையும் இழக்கிறான். அவள் பெயர் விலை. தாய் மொழியில் அது அழகு எனப் பொருள்படும். தமிழ்ச் செவிக்கு வேறாக ஒலிப்பது வெறும் தற்செயலே, எனினும் நாவலின் நடுவே இருக்கும் உறவை அது பிழையின்றிச் சுட்டிவிடுகிறது. றெனோல்ட்ஸின் சிறப்பு யாதெனில், நாவலின் ஒரு பகுதியை அப்பெண்ணின் பார்வையிலிருந்து எழுதியமையாகும். அங்கே அவள் ஒரு தாய், கணக்குப் பார்ப்பவள், முதுமையை அஞ்சுபவள். அவனுடைய கண்ணிலே வஞ்சகம் என்று பட்டது, அவளுடைய பக்கத்தில் வாழ்க்கைச் செலவாக இருக்கிறது. பின்வந்த எண்ணற்ற மதுச்சாலை நாவல்கள் அவனுடைய புலம்பலை மட்டும் எடுத்துக்கொண்டு அவளுடைய கணக்கை விட்டுவிட்டன.

அந்தக் கணக்கின் பின்னால் வரலாறு உள்ளது. 1960இல் தாய்லாந்து பரத்தமையைச் சட்டத்தால் தடை செய்தது; 1966இல் கேளிக்கை நிலையங்களுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கும் சட்டம் வந்தது; 1967இல் வியட்நாமிற் போரிடும் அமெரிக்கப் படையினரை ஓய்வுக்கு ஏற்கும் உடன்பாடு செய்யப்பட்டது. உடோன், உபோன், கோராத், நக்கோன் பனோம், தாக்லி, ஊதபாவோ ஆகிய தளங்களைச் சார்ந்து நாட்டிலிருந்த அமெரிக்கப் படையினரின் தொகை உச்சக்கட்டத்தில் ஐம்பதினாயிரத்தை அண்மித்தது. இத்தளங்கள் பல அமைந்த வடகிழக்கு ஈசான் பிரதேசம் நாட்டின் மிக வறிய பகுதியாகும். அங்குள்ள குடும்பங்களின் பிள்ளைகள் தளங்களைச் சுற்றிய கேளிக்கைச் சந்தைக்கும் பின்னர் பாங்கொக்குக்கும் வந்தனர். 1976இல் படைகள் வெளியேறின, சந்தை வெளியேறவில்லை. இன்று ஓர் ஓய்வூதியர் தம் மனைவியின் உறவினர் ஓயாது பணம் கேட்பதாக முறைப்படும்போது, அவர் பேசுவது ஒரு குடும்பத்தின் பேராசையைப் பற்றியே எனத் தோன்றும். தானியத்துக்கு விலை கிடைக்காத ஒரு பிரதேசம் தன் பெண்களின் ஊடாக நாணயச் சந்தையோடு இணைக்கப்பட்ட வரலாறு அவர் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது என்பதை அவர் அறியார்.

5

1980களின் பின் வதிவோரின் வர்க்கச் சேர்க்கை மாறியது. தூதரக அதிகாரிகளோடும் கம்பனி முகாமையாளரோடும் சிறு ஓய்வூதியர், ஒப்பந்த அடிப்படையில் ஆங்கிலம் கற்பிப்போர், சிறு மதுச்சாலை நடத்துவோர் ஆகியோர் பெருகினர். இவர்களுட் பலர் தத்தம் நாட்டில் வீட்டு வாடகையும் எரிபொருட் செலவும் தாங்க இயலாது வந்தவர்கள். இவர்களுடைய துயரம் போலியானதன்று. பிரித்தானிய அரசின் முதுமை ஓய்வூதியம் தாய்லாந்தில் வதிவோருக்கு ஆண்டுதோறும் உயர்த்தப்படுவதில்லை. முதலில் எவ்வளவு பெற்றாரோ அவ்வளவிலேயே அது உறைந்து நிற்கிறது. விலைவாசி ஏற, நாணய மாற்று வீதம் வீழ, எண்பது வயதில் ஒருவர் முன்பைவிட வறியவராகிறார். ஆனால் இந்த நெருக்குதல் எழுத்திலே எவ்வாறு வெளிப்படுகிறது? பூங்கா வாயிலில் தம்மிடம் அதிகம் கேட்ட சிற்றூழியரைப் பற்றிய கோபமாக வெளிப்படுகிறது. இலண்டனில் எடுக்கப்பட்ட முடிவின் சுமை தாய்லாந்துக் குணத்தின் மீது இறக்கி வைக்கப்படுகிறது.

சட்டம் தமக்கு எதிரானது என்ற முறைப்பாட்டையும் நிதானமாக ஆராய வேண்டும். 1954ஆம் ஆண்டின் காணிச் சட்டக்கோவை அந்நியர் நிலவுடைமையைப் பொதுவாகத் தடுக்கிறது. 1979ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் தொண்ணூறு நாட்களுக்கொருமுறை வதிவிடத்தை அறிவிக்கக் கோருகிறது. ஓய்வு பெற்று வதிய விரும்புவோர் ஐம்பது வயதைக் கடந்திருப்பதோடு வங்கியில் எட்டு இலட்சம் பாத் வைப்போ மாதம் 65,000 பாத் வருமானமோ காட்ட வேண்டும் என்பது நெடுங்கால விதி. 2013இல் நாடு முழுவதற்கும் 300 பாத் என நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலியைப் பெற்ற ஒரு தொழிலாளி, ஒரு சதமும் செலவிடாது எட்டரை ஆண்டுகள் உழைத்தாலே அந்த எட்டு இலட்சத்தை எட்டலாம். கொன்சலின் நீதிமன்றம் இருந்த காலத்தை இவ்வெழுத்தாளர் எவரும் நேரிற் காணவில்லை. ஆயினும் தமக்குரிய ஒன்று பறிக்கப்பட்டதைப் போன்ற தொனி அவர்களது எழுத்தில் உள்ளது. மற்றெவரையும் போலத் தாமும் ஒரு நாட்டின் சட்டத்துக்கு உட்பட்டவர் என்பதே அவர்களுக்கு அவமதிப்பாகப் படுகிறது.

அதே குடிவரவு அலுவலகத்தில் வேறு வரிசைகளும் உள்ளன. சமுத் சாக்கோனின் மீன்பதனிடும் ஆலைகளில் உழைக்கும் மியன்மார் தொழிலாளரும் வெளிநாட்டவரே. அவர்களை எவரும் ‘வதிவோர்’ என்ற கண்ணியமான பெயரால் அழைப்பதில்லை. தென்னாசியரைத் தாய் மொழி ‘கேக்’ என்கிறது. விருந்தினர் என்பது அதன் நேர்ப்பொருள். அந்த விருந்தோம்பலை நம்மவர் சிலர் அறிவர். 2010 ஓகஸ்டில் 492 தமிழரோடு கனடாவை அடைந்த ‘சன் சீ’ கப்பல் புறப்பட்டது தாய்லாந்திலிருந்தேயாகும். அவ்வாண்டு ஒக்டோபரில் பாங்கொக்கிலே பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட இலங்கைத் தமிழர் கைதுசெய்யப்பட்டுக் குடிவரவுத் தடுப்பிலே அடைக்கப்பட்டனர். அகதிகள் பற்றிய 1951ஆம் ஆண்டுச் சாசனத்தில் தாய்லாந்து கைச்சாத்திடாமையால், அவர்கள் அந்நாட்டுச் சட்டத்தின் கண்ணில் வீசா இல்லாத அந்நியர் மட்டுமே. வதிவோரின் எழுத்திலே பெரும் அநீதியாக விரியும் தொண்ணூறு நாள் அறிவித்தலும் இந்த அடைப்பும் ஒரே சட்டத்தின் இரு கைகள். முறைப்பாடு எழுத்தாவதற்கு முறைப்படுபவனிடம் கடவுச்சீட்டும் ஓய்வுநேரமும் பதிப்பகமும் இருக்க வேண்டும்.

இக்காலப் புனைகதை பெரும்பாலும் துப்பறியும் கதையாக வந்தது. கனேடியரான கிறிஸ்ரோபர் ஜி. மூர் 1992இல் தொடங்கிய கல்வினோ வரிசையில், நியூயோர்க்கிலிருந்து வந்த துப்பறிவாளனின் சலிப்பு சில இடங்களில் அதிகாரத்தின் மீதான விசாரணையாக உயர்கிறது. பிரித்தானியரான ஜோன் பேர்டெற்றின் ‘பாங்கொக் 8’ (2003) ஒருபடி மேலே சென்று, அமெரிக்கப் படைவீரனுக்கும் மதுச்சாலைப் பெண்ணுக்கும் பிறந்த தாய் பொலிஸ்காரனையே கதைசொல்லியாக்கி, அவன் வாசகனை ‘ஃபராங்’ என விளிக்கச் செய்கிறது. பார்வை திரும்பிவிட்டதைப் போலத் தோன்றும். ஆனால் விளிக்கப்படும் வாசகன் பழையவனே. அவனுக்குக் கீழைத்தேய மர்மத்தை விளக்கும் பணியை இப்போது கீழைத்தேயத்தவன் குரலே செய்து கொடுக்கிறது.

6

முறைப்பாடுகள் யாவும் பொய்யென்று தள்ளிவிடுதல் எமது நோக்கமன்று. அப்படிச் செய்வோர் அறிந்தோ அறியாமலோ தாய்லாந்து ஆளும் வர்க்கத்தின் பக்கம் நிற்பவராவர். பொலிஸின் கையூட்டு உண்மை. அதிகாரிகளின் அலட்சியம் உண்மை. ஆனால் இவற்றை முதலிலும் முழுமையாகவும் சொன்னவர்கள் தாய் எழுத்தாளர்களே. ஈசான் மண்ணிற் பிறந்த காம்சிங் சீனாவாக், ‘லாவ் காம்ஹோம்’ என்ற புனைபெயரில் 1958இல் ‘ஃபா போ கான்’ என்ற சிறுகதைத் தொகுதியை வெளியிட்டார். அதிலுள்ள தங்கக்கால் தவளை பற்றிய கதையில், ஐந்து பிள்ளைகளைப் பெற்றோருக்கு அரசு தரும் 200 பாத்தைப் பெறக் குடியானவன் ஒருவன் மாவட்ட அலுவலகம் செல்கிறான். தவளை பிடிக்கப் போன அவன் மகன் பாம்பு கடித்துச் சாகக் கிடக்கிறான். அலுவலகத்தில் ஏச்சுக்கேட்டுக் காத்திருந்து பணத்தோடு திரும்புபவனை ஊரார் அதிர்ஷ்டசாலி என்கின்றனர். ஐந்தாவது பிள்ளை முன்னரே இறந்திருந்தால் பணம் கிடைத்திராதல்லவா! வரிசையில் நிற்க வைக்கும் அதிகாரியைப் பற்றி இதைவிடக் கொடிய முறைப்பாடு எந்த மேனாட்டார் நூலிலும் இல்லை. வேறுபாடு எங்கே உள்ளது? வதிவோரின் எழுத்தில் அலட்சியம் தாய்லாந்தினரின் இயல்பு. காம்சிங்கின் எழுத்தில் அது அரசு குடியானவனை நடத்தும் முறை. முன்னதிலே மாற்றத்துக்கு இடமில்லை, பின்னதிலே உண்டு. அவ்வாறு எழுதியவர் 1976இன் பின் நாடு நீங்கிச் சுவீடனில் அடைக்கலம் பெற நேர்ந்தது.

இங்கே வதிவோரின் முறைப்பாட்டுக்கும் ஆளும் வர்க்கத்தின் கருத்துநிலைக்கும் உள்ள உறவு துலங்குகிறது. 1958 முதல் 1963 வரை ஆண்ட சரித் தனராத்தின் இராணுவ ஆட்சிக் காலத்திலேயே உல்லாசப் பயணத்துறை அரச நிறுவனமாக்கப்பட்டது. புன்னகை நாடு என்னும் விளம்பரப் படிமம் பின்னர் உலகெங்கும் பரவியது. பணிவு, அமைதி, முரண்பாட்டைத் தவிர்த்தல், மேலோரை மதித்தல் என்பனவே ‘தாய்த் தன்மை’ என்று பள்ளிப் புத்தகமும் கற்பித்தது. வதிவோர் குறையாகச் சொல்லும் அதே குணப்பட்டியலை அரசு நிறைவாகச் சொல்கிறது. இருவரும் பட்டியலை மறுக்கவில்லை. அதன் மதிப்பெண் பற்றியே பிணங்குகின்றனர். இருவர் பட்டியலிலும் இடம்பெறாதவர்கள் 1973 ஒக்டோபர் 14இல் இராணுவ ஆட்சியை வீழ்த்திய மாணவரும், 1976 ஒக்டோபர் 6இல் தம்மசாத் பல்கலைக்கழக வளாகத்திற் கொல்லப்பட்டோருமாவர். பரவாயில்லை என்று சொல்லாத தாய்லாந்தினர் இவர்கள்.

எதைப் பற்றி முறைப்படலாம் என்பதற்கும் எல்லையுண்டு. அவுஸ்திரேலியரான ஹரி நிக்கொலாய்ட்ஸ், சுமார் ஐம்பது பிரதிகள் மட்டுமே அச்சிட்ட நாவலொன்றில் அரச குடும்பத்தைச் சுட்டிய ஒரு பத்திக்காக 2009 ஜனவரியில் மூன்றாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்; அடுத்த மாதமே மன்னிப்புப் பெற்று நாடு திரும்பினார். நான்கு குறுந்தகவல்களுக்காக 2011 நவம்பரில் இருபதாண்டுத் தண்டனை பெற்ற அம்போன் தாங்நொப்பகுன் என்னும் முதிய தாய்லாந்தவர் 2012 மே மாதம் சிறையிலேயே இறந்தார். வதிவோரின் எழுத்து வேலைக்காரியைப் பற்றியும் வண்டியோட்டியைப் பற்றியும் ஓயாது பேசுவதற்கும் உயர் அதிகாரத்தைப் பற்றி மௌனம் சாதிப்பதற்கும் உள்ள காரணங்களுள் இதுவும் ஒன்று. கீழ்நோக்கிய முறைப்பாட்டுக்கு எந்நாட்டிலும் தண்டனை இல்லை.

7

பிறர் நாட்டில் வாழ்வோரின் சலிப்பு அறிவாக மாறக்கூடுமா? மாறக்கூடும் என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் போதுமானவை. ‘சீபுரப்பா’ என்ற புனைபெயரால் அறியப்பட்ட குலாப் சாய்ப்பிரதித் 1940களின் பிற்பகுதியில் அவுஸ்திரேலியாவில் தங்கியிருந்தார். அவ்வனுபவத்தின் பின் 1950இல் வெளியான நாவலில் கோமேத் என்னும் செல்வக்குடும்பத்து இளைஞன் அந்நாட்டில் வாழ்கிறான். பழக்கங்கள் வேறுபட்ட அந்நாட்டினரைப் பற்றி அவனும் முறைப்பட்டிருக்கலாம். மாறாக, அங்குள்ள நண்பர்களோடு பழகும்போது அவனுக்குத் தன் சொகுசைத் தாங்கி நிற்கும் தாய்லாந்துக் குடியானவர் நினைவுக்கு வருகின்றனர். அந்நிய வாழ்வு அவனுக்குத் தன் வர்க்கத்தைக் காட்டுகிறது. அதை எழுதியவர் பின்னர் சிறையையும் சீனாவில் அஞ்ஞாதவாசத்தையும் ஏற்று 1974இல் பெய்ஜிங்கிற் காலமானார்.

மற்றொன்று நமது நாட்டைச் சார்ந்தது. 1904 முதல் 1911 வரை இலங்கையிற் சிவில் சேவை அதிகாரியாக இருந்த லெனாட் வூல்ஃப், 1913இல் வெளியிட்ட ‘காட்டிலுள்ள கிராமம்’ என்னும் நாவலில் நீதிபதியின் ஆசனத்தை விட்டிறங்கி, தண்டிக்கப்படும் கிராமத்தவனின் இடத்திலிருந்து கதையைச் சொன்னார். கிராமத்தவனின் மௌனம் அங்கே இனக்குணமாகவில்லை; புரியாத மொழியில் நடக்கும் வழக்கிலே அகப்பட்டவனின் மௌனமாகவே உள்ளது. வரி வசூலித்த ஒருவரால் இதனை எழுத முடிந்ததெனில், வதிவோர் என்ற நிலை ஒருவருடைய பார்வையை இறுதியாகத் தீர்மானித்துவிடுவதில்லை என்பது பெறப்படும். தாம் நிற்கும் இடத்தைத் தாமே விசாரிக்க அவர் ஆயத்தமா என்பதே தீர்மானிக்கிறது.

ஆகவே இவ்வெழுத்துகளை வாசிக்கும்போது நாம் கைக்கொள்ள வேண்டிய அளவுகோல் எளியது. ஒரு முறைப்பாடு எந்தத் திசையிற் செல்கிறது? கூலி பெறுபவரை நோக்கியா, கூலியை நிர்ணயிப்பவரை நோக்கியா? அது குறித்த மனிதரையும் குறித்த உறவையும் பெயரிட்டுச் சொல்கிறதா, அன்றி ஒரு மக்கட் கூட்டத்தின் இயல்பென்று முடித்துவிடுகிறதா? இவ்வளவுகோல் மேனாட்டாருக்கு மட்டும் உரியதன்று. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ வீட்டு வேலைக்கு வந்த மலையகச் சிறுமியின் ‘சோம்பலை’ப் பற்றி நமது மத்தியதர வர்க்க வீடுகளில் இன்றும் பேசப்படும் பேச்சை இதே அளவுகோலால் அளந்து பார்க்கலாம். அங்கே ஃபராங் இல்லை. எழுவாய் மட்டும் மாறியிருக்கிறது, வாக்கியம் அதுவேதான்.